ஈஸ்வரியின் அறுபத்திரண்டு மார்க்

1. எந்திரிங்க

"எந்த ஸ்கூலு? இங்கிலீஷ் எடுக்குறது யாரு? எந்திரிங்க."

தேர்ச்சி விழுக்காடு பற்றிய ஆய்வுக் கூட்டத்தில் மைக்கில் வந்த குரல் இது. மண்டபத்தில் இருநூறு ஆசிரியர்களாவது இருந்திருப்பார்கள். நான் எழுந்து நின்றேன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. கல்லூரியில் படிக்கிற மகள் வீட்டில் இருந்தாள்.

"எத்தன பேரு பரீட்சை எழுதுனாங்க?"

"அம்பத்தொரு பேரு, சார்."

"பாஸு?"

"இங்கிலீஷ்ல முப்பத்திரெண்டு, சார்."

"மிச்சம் பத்தொம்பது புள்ளைகளுக்கு என்னம்மா பதில் சொல்லப் போறீங்க? வகுப்புல என்னதான் நடக்குது?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என்னை உட்காரச் சொல்ல அதிகாரி மறந்துவிட்டார். அடுத்த பள்ளி, அதற்கடுத்த பள்ளி என்று போய்க்கொண்டே இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டம் கலையும்வரை நான் நின்றேன்.

அனுதாபம் தேடி இதைச் சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்களில் புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்தவர்கள் இருப்பீர்கள். உங்களையும் ஒருநாள் எழுப்பி நிறுத்துவார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு ஒரு முடிவெடுக்கும். அந்த முடிவை நம்பாதீர்கள். நான் தேனியில் பஸ் ஏறி, போடியில் இறங்குவதற்குள் முடிவெடுத்துவிட்டேன். இனி எந்தக் கூட்டத்திலும் என்னை யாரும் எழுப்பக் கூடாது.

2. ஜோடி பார்ப்பது

எங்கள் பள்ளி சிலமலைப் பக்கம். போடியிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். பிள்ளைகளின் வீடுகளில் பாதிப் பேருக்குக் காட்டு வேலை. மீதிப் பேர் விடியற்காலையில் ஜீப் பிடித்துப் போடிமெட்டு வழியாக மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். அங்கே வயற்காட்டையும் தோட்டத்தையும் சேர்த்து எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான், சோலி.

பத்தாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும். எழுத்துக்கூட்டி வாசிக்கும். சில பிள்ளைகள் கடகடவென்றுகூட வாசிக்கும். என்ன வாசித்தாய் என்று கேட்டால் முழிக்கும். ஒன்பது வருடமாகச் சேர்ந்த பாக்கியை நான் பத்து மாதத்தில் தீர்க்க வேண்டும். தீர்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பாஸாக வைக்க முடியும்.

பழைய வினாத்தாள்களையெல்லாம் கூடத்தில் பரப்பி வைத்து ஒரு கோடை விடுமுறை முழுக்கப் பார்த்தேன். பாராவைக் கொடுத்துக் கேள்வி கேட்கிற பகுதியில் ஒரு விஷயம் பிடிபட்டது. கேள்வியில் வருகிற ஏதாவது ஒரு முக்கியமான சொல், விடை இருக்கிற வரியிலும் அப்படியே வருகிறது. அவ்வளவுதான், எனக்குச் சாவி கிடைத்துவிட்டது.

வகுப்பில் இப்படிச் சொல்லிக்கொடுத்தேன். கேள்வியில் பெரிய சொல் எதுவோ அதை எடு. அதே சொல் பாராவில் எங்கே இருக்கிறது என்று தேடு. கிடைத்ததும் கோடு போடு. கோட்டுக்கு முன்னால் எங்கே பெரிய எழுத்து இருக்கிறதோ அங்கிருந்து, பின்னால் எங்கே புள்ளி வைத்திருக்கிறதோ அதுவரை பார்த்து எழுது. 'ஹவ் மெனி' என்று கேட்டிருந்தால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எண் இருக்கிறதா பார். இருந்தால் அதுதான் விடை. அர்த்தம் தெரிய வேண்டியதில்லை.

பிள்ளைகள் இதற்கு 'ஜோடி பாக்குறது' என்று பேர் வைத்தார்கள். சீட்டாட்டம் பார்த்து வளர்ந்த பயல்கள் வைத்த பேர். எனக்கும் பிடித்துப்போனது.

இலக்கணத்துக்கும் அதே வைத்தியம்தான். 'எஸ்டர்டே' என்று கண்ணில் பட்டால் 'இ, டி' எழுத்தில் முடிகிற விடையை எடு. சொற்பொருள் பகுதிக்கு, முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் வைத்து இது வந்தால் அது என்று இருநூறு சொற்களை உருப்போட வைத்தேன். காலையில் எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்லிப் டெஸ்ட். ஜோடி பார்த்து ஐந்து கேள்விக்கு நாலு நிமிடத்தில் விடை எழுதாதவர்கள் வீட்டுக்குப் போக முடியாது.

அந்த வருடம் மூன்று பேர்தான் தவறினார்கள். அடுத்த வருடம் நூற்றுக்கு நூறு. ஆய்வுக் கூட்டத்தில் அதே அதிகாரி என்னை மேடைக்குக் கூப்பிட்டார். "இந்த டீச்சரோட மெதட எல்லா ஸ்கூலும் ஃபாலோ பண்ணுங்க" என்றார். நான் மைக்கைப் பிடித்து ஜோடி பார்ப்பது எப்படி என்று இருபது நிமிடம் விளக்கினேன். கைதட்டினார்கள். எனக்கு இனித்தது என்பதை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

3. அழகான படம்

இடையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. நான் அப்போதே விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

வினாத்தாளில் ஒரு படம் கொடுத்து அதைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொல்வார்கள். எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற மாதிரி ஐந்து வரி தயாரித்து வைத்திருந்தேன். 'இது ஓர் அழகான படம். எனக்கு இந்தப் படம் மிகவும் பிடிக்கும். இதில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் வேலையாக இருக்கிறார்கள். இதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.' இதன் இங்கிலீஷை வகுப்பே பாட்டு மாதிரி ஒப்பிக்கும்.

ஒரு அரையாண்டுத் தேர்வில் சாலை விபத்துப் படம் வந்தது. கவிழ்ந்த வண்டி, கீழே கிடக்கிற ஆள், சுற்றிலும் கூட்டம். என் வகுப்பில் நாற்பத்து நான்கு பிள்ளைகள் அது அழகான படம் என்றும், பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். எழுத்துப்பிழை இல்லை. ஆசிரியர் அறையில் தாள் திருத்தும்போது வாசித்துக் காட்டினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

தலைமையாசிரியர் கேட்டார்: "மார்க்கு போட்டாச்சா டீச்சர்?"

"வாக்கியம் சரியாத்தான சார் இருக்கு" என்றேன். ஐந்துக்கு மூன்று போட்டேன்.

4. இதில் என்ன நடக்குது

ஈஸ்வரி அந்த வகுப்பில் படித்த பிள்ளை. அவள் அம்மா மாரியம்மா தோட்டத்துக் கூலி. அப்பா இல்லை. ஈஸ்வரி எண்ணெய் வைத்துப் படிய வாரி, முன்வரிசையில் வலது ஓரம் உட்காருவாள். ஜோடி பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நான் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் பென்சில் கோடு போட்டிருக்கும்.

ஒருநாள் காலை ஸ்பெஷல் கிளாஸில், ஐந்து விடையையும் எழுதி முடித்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"என்ன ஆத்தா?"

"டீச்சர், இந்தப் பாராவுல என்ன நடக்குது?"

"என்ன நடக்குதுன்னா?"

"இல்ல டீச்சர். ஒரு ஆளு வாராரு, ஒரு பொம்பளப் புள்ள இருக்கு, பேரெல்லாம் தெரியுது. அவங்க என்ன செய்யுறாங்கன்னு தெரியல."

"அஞ்சுக்கு அஞ்சு எழுதிட்டீல்ல?"

"எழுதிட்டேன் டீச்சர்."

"பெறகென்ன. நடக்குறது நடக்கட்டும். நீ அடுத்த பாராவுக்கு ஜோடியப் பாரு."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். கையைக் கீழே போட்டாள். அந்த வருடம் முழுக்க அவள் மறுபடி அப்படி எதுவும் கேட்கவில்லை.

பொதுத்தேர்வில் ஈஸ்வரிக்கு இங்கிலீஷில் அறுபத்திரண்டு. எங்கள் பள்ளியில் அந்த வருடம் இங்கிலீஷில் அதுதான் இரண்டாவது மார்க். மாரியம்மா தோட்டத்துக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "எங்க வம்சத்துல இங்கிலீசு படிச்சது இவதான் டீச்சர்" என்றார். நான் பழத்தை வாங்கிக்கொண்டேன்.

5. மருந்து டப்பா

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு மாரியம்மா என் வீட்டு வாசலில் நின்றார். அடையாளம் தெரியவில்லை. உடம்பு பாதியாகியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார், அப்படியும் சேலையில் கொட்டியது.

அவர் சொன்னதையும், பிறகு விசாரணையில் நான் கேட்டதையும் சேர்த்து, நடந்ததைச் சொல்கிறேன்.

ஈஸ்வரி பன்னிரண்டாவது வரை படித்தாள். கல்லூரிக்குப் போக வசதி இல்லை. அம்மாவோடு தோட்டத்து ஜீப்பில் ஏறினாள். கேரளப் பக்கத்து எஸ்டேட். மேலே இருந்த கூட்டத்தில் இங்கிலீஷ் படித்தது அவள் ஒருத்திதான். ஜீப்பில் அவளுக்கு 'இங்கிலீசுப் புள்ள' என்றே பேர். சூப்பர்வைசர் ஆள்வரவு எழுதுகிற வேலையை அவளிடம் கொடுத்தார். பிறகு உரமூட்டையில், மருந்து டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற வேலையும் சேர்ந்துகொண்டது. மாரியம்மாவுக்கு அதில் தாங்க முடியாத பெருமை.

அன்று காலையில் ஆண்கள் ஒரு பக்கத்துச் செடிகளுக்கு மருந்து அடித்து முடித்தார்கள். புது மருந்து. காய் எடுக்க வேண்டிய தவணை ஏற்கெனவே தள்ளிப்போயிருந்தது. சூப்பர்வைசர் டப்பாவை ஈஸ்வரியிடம் கொடுத்து, "எத்தன மணி நேரம் கழிஞ்சு ஆள உள்ள விடலாம்னு பாரு" என்றார்.

ஈஸ்வரி பார்த்தாள். கேள்வியில் இருந்த பெரிய சொல் 'மணி நேரம்'. இங்கிலீஷில் 'அவர்ஸ்'. டப்பா முழுக்கப் பொடி எழுத்து. 'அவர்ஸ்' ஒரே ஓர் இடத்தில் இருந்தது. அதற்கு முன்னால் 'நாலு' இருந்தது. நாலு மணி நேரம் என்று சொன்னாள்.

அந்த வரி மழையைப் பற்றியது. நாலு மணி நேரத்துக்குள் மழை வரும் என்றால் மருந்து அடிக்காதே என்று அதில் இருந்தது. ஆட்கள் உள்ளே போவதைப் பற்றிய வரி மூன்று வரி தள்ளிக் கீழே இருந்தது. இரண்டு நாள் யாரையும் விடக் கூடாது என்று போட்டிருந்தது. அந்த வரியில் 'அவர்ஸ்' கிடையாது.

மத்தியானக் கஞ்சி குடித்துவிட்டுப் பன்னிரண்டரை மணிக்குப் பெண்கள் உள்ளே போனார்கள். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டித்தான் காய்க்கும். குத்தவைத்து உட்கார்ந்து, முகத்தைச் செடிக்குள் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று மணிக்கு ஒருவர் வாந்தி எடுத்தார். அரை மணி நேரத்தில் ஏழு பேர், மாரியம்மாவும் அதில் ஒருவர். கண் மங்குகிறது என்றார்கள், வாயில் நுரை தள்ளியது. ஒரே ஜீப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு வளைவுகளில் கீழே இறங்கினார்கள். பாண்டியம்மா என்பவருக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு உண்டு. போடிக்கு வந்து சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஜீப்பில் அவர் தலை ஈஸ்வரியின் மடியில்தான் இருந்தது. ஆள்வரவு எழுத ஸ்டோரில் இருந்ததால் ஈஸ்வரி அன்று செடிக்குள் போகவில்லை.

எஸ்டேட் தரப்பு ஒரே பதிலைப் பிடித்துக்கொண்டது. உங்கள் கூட்டத்துப் படித்த பெண்தான் பார்த்துச் சொன்னாள். பாண்டியம்மாவின் புருஷன் ஈஸ்வரி வீட்டு வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். ஜீப்பில் இவர்கள் இரண்டு பேரையும் ஏற்றக் கூடாது என்று மற்றப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். ஈஸ்வரி அறையை விட்டு வெளியே வருவதில்லை, சாப்பிடுவதில்லை.

"அடுத்த வாரம் மேல ஆபீசர் வந்து விசாரிக்கப் போறாங்களாம். நீங்க வரணும் டீச்சர்" என்றார் மாரியம்மா. "என் மக நல்லா இங்கிலீசு படிச்சவன்னு நீங்க சொல்லணும். அறுவத்திரெண்டு மார்க்கு வாங்குனவ எப்பிடித் தப்பாப் படிப்பா? டப்பாவுலதான் தப்பா போட்டிருக்கணும். நீங்க சொன்னாக் கேப்பாங்க."

வர்றேன் என்று சொன்னேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். அவருக்கு வேண்டிய வார்த்தையைச் சொன்னால் அந்தப் பெண்ணைக் கொலைகாரி ஆக்கிவிடுவேன் என்று எனக்குப் புரிந்தது. இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவள் படித்துவிட்டுத் தப்பாகச் சொன்னாள் என்றால் குற்றம் முழுக்க அவள் தலையில்தான் விழும். அவளைக் காப்பாற்ற ஒரே வழி, அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்வது. அதைச் சொல்லத் தகுதி உள்ள ஆள் ஊரில் நான் ஒருத்திதான்.

ஒரு வாரம் யோசித்தேன் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். உண்மையில், ஒரு வாரமும் போகாமல் இருக்கக் காரணம் தேடினேன். மூட்டுவலி என்று சொல்லலாம். மகள் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். நூற்றுக்கு நூறு வாங்கிக் கொடுத்த டீச்சர் என்ற பேர் போடியில் எனக்கு இருந்தது, கடைத்தெருவில் நடந்தால் வணக்கம் வைப்பார்கள். அது போய்விடுமே என்று பயந்தேன்.

6. எஸ்டேட் ஆபீஸில் ஒரு பரீட்சை

தனி ஜீப் பிடித்து நாங்கள் மூன்று பேரும் போனோம். ஈஸ்வரி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கொண்டு வந்த பையில் மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தாள்.

விசாரணைக்கு வந்த தொழிலாளர் அதிகாரி மலையாளம் பேசுகிற பெண்மணி. தமிழ் தெரியும். மேஜைக்கு ஒரு பக்கம் சூப்பர்வைசரும் எஸ்டேட் மேனேஜரும். இன்னொரு பக்கம் பெஞ்சில் வேலைக்காரப் பெண்களும் பாண்டியம்மாவின் புருஷனும். மேஜைமேல் அந்த டப்பா.

சூப்பர்வைசர் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "மேடம், நான் சும்மா கேக்கல. பத்தாம் கிளாஸ்ல இங்கிலீஷ் அறுபத்திரெண்டு மார்க் உள்ள குட்டி. மார்க் ஷீட் பாத்துட்டுதான் இந்தச் சோலி கொடுத்தது. அவ நாலு மணிக்கூர்னு பறஞ்சா நான் எப்பிடி நம்பாம இருக்கும்?"

அதிகாரி என்னைப் பார்த்து எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். "டீச்சரே, இரிக்கணும். இது உங்க ஸ்டூடண்ட் அல்லே? இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமா இந்தக் குட்டிக்கு?"

மாரியம்மா என் முகத்தையே பார்த்தார். நான் சொன்னேன், "மேடம், அந்த டப்பாவ அவகிட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லுங்க."

ஈஸ்வரி எழுந்து நின்றாள். வகுப்பில் நிற்கிற மாதிரியே கையைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள். டப்பாவை வாங்கி, அந்த இரண்டு நாள் வரியைச் சுத்தமாக, தடுமாறாமல் வாசித்தாள். உச்சரிப்பில்கூடப் பெரிய குறை இல்லை.

"நல்லா வாசிக்குதல்லோ" என்றார் அதிகாரி. சூப்பர்வைசர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

நான் கேட்டேன், "ஈஸ்வரி, இப்ப வாசிச்சதுல என்ன சொல்லியிருக்கு?"

அவள் டப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது. அந்த வரியில் தெரிந்த சொல் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"சொல்லு ஆத்தா."

"தெரியல டீச்சர்."

"மேல இருக்குற வரி?"

"தெரியல டீச்சர்."

"அப்ப நாலு மணி நேரம்னு எப்பிடிச் சொன்ன?"

"ஜோடி பாத்தேன்" என்றாள். "எத்தனன்னு கேட்டா நம்பரு இருக்குற வரிய எடுக்கணும்னு சொல்லிக்குடுத்தீங்கல்ல. அவர்ஸு ஒரே எடத்துலதான் இருந்துச்சு."

பெஞ்சில் இருந்த பெண்களில் ஒருத்தி "அடிப்பாவி" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் எழுந்து, அர்த்தம் தெரியாமல் பாஸாக்குகிற வித்தையை நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றும், அந்த அறுபத்திரண்டு மார்க் அவளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதற்குச் சாட்சி ஆகாது என்றும் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகுதான் அதிகாரி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "பெட்டிக்குள்ள மலையாளத்துல, தமிழ்ல எல்லாம் நோட்டீஸ் வருமல்லோ. அது எவிடே?" ஸ்டோரில் தேடினார்கள். மருந்து வந்த அட்டைப்பெட்டிகள் மடித்துக் கட்டிக் கிடந்தன. அவற்றுக்குள் நோட்டீஸ் பிரிக்காமலே இருந்தது. இரண்டு நாள் என்று தமிழில் தெளிவாகப் போட்டிருந்தது. பாண்டியம்மாவின் புருஷனுக்கு அதை ஒருவர் வாசித்துக் காட்டினார். அந்த மனிதர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

குற்றம் எஸ்டேட்மேல் என்று முடிவாயிற்று. ஈஸ்வரியின் பேர் அறிக்கையிலிருந்து போனது. நான் எதற்காகப் போனேனோ அது நடந்துவிட்டது.

7. ஜீப் வரும்வரை

ஜீப்புக்காக வெளியே நின்றோம். மாரியம்மா என்னை விட்டுத் தள்ளிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். அவர் வம்சத்தில் இங்கிலீஷ் படித்தது ஒருத்தி. ஊர்க்காரர்கள் முன்னால் அவளும் படிக்கவில்லை என்று ஆக்கிவிட்டேன்.

ஈஸ்வரி மார்க் ஷீட் கவரைக் கையில் வைத்திருந்தாள். அவளாகவே கேட்டாள்.

"டீச்சர், எனக்கு இங்கிலீசு வராதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

பொய் சொல்ல வாய் வந்தது. அந்த அறையில் அவளை நிறுத்திக் கேள்வி கேட்ட வாயால் சொல்ல முடியவில்லை.

"தெரியும்" என்றேன்.

"எனக்குத் தெரியாது டீச்சர்" என்றாள். "எனக்கு வரும்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல. அந்த டப்பாவக் கையிலயே வாங்கியிருக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஜீப் வந்தது. அவள் அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டுப் பின்னால் உட்கார்ந்தாள்.

இப்போது ஈஸ்வரி போடியில் ஒரு ஏலக்காய் கடையில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கிறாள். அங்கே வாசிக்க வேண்டியது எதுவும் இல்லை. கடைத்தெருவில் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். நியாயம்தான்.

8. புதிதாக வந்தவர்களுக்கு

முப்பத்தைந்து மார்க் வாங்க வையுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தவறிய பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் வித்தையால் பாஸான பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: உனக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது, இது பரீட்சைக்கு மட்டும்தான். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அவளை ஏமாற்றிய அதே மார்க் என்னையும் மேடை ஏற்றியிருந்தது.

இன்னொன்று. அதே பயிற்சித் தாளைத்தான் வருடா வருடம் எல்லா வகுப்புக்கும் கொடுத்தேன். ஈஸ்வரி கையைத் தூக்கிக் கேட்ட அந்தப் பாரா எது என்று வீட்டில் பழைய கட்டுகளைப் பிரித்துத் தேடினேன். கிடைத்தது. கேள்விகளுக்கு நேராக நான் போட்ட கோடுகள் எல்லாம் சரியாக இருந்தன. கோட்டுக்கு வெளியே இருந்ததை நான் அதுவரை ஒருதடவைகூட வாசித்ததில்லை. உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசித்தேன். மழையில் வழி தப்பிய ஒரு பெண் குழந்தையை ஒருவர் வீடு கொண்டுபோய்ச் சேர்க்கிற கதை. ஈஸ்வரிக்குச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.